டெர்மினல் கட்டளைகளுக்கும் கோப்புறைகளுக்கும் சுருக்கவழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கணினியில் வேலை பழக வருபவர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். முதல் வாரம் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே குறையோடு வந்து நிற்கிறார்கள்: இத்தனை நீளமான கட்டளைகளையும் கோப்புறைப் பாதைகளையும் ஒவ்வொரு முறையும் முழுதாகத் தட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் அது. அதிலிருந்து கிளைத்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல். உபுண்டுவில் இயல்பாகக் கிடைக்கும் பாஷ் ஷெல்லை அடிப்படையாகக் கொண்டே விடைகள் அமைந்துள்ளன. இசட் ஷெல் என்ற மற்றொரு ஷெல் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

ஏலியாஸ் என்கிறீர்களே, அது தனியாக நிறுவ வேண்டிய புரோகிராமா?

இல்லை. அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு வசதி. நீங்கள் ஒரு வரியைத் தட்டி என்டர் விசையை அழுத்தியதும், ஷெல் அந்த வரியின் முதல் சொல்லைப் பார்க்கிறது. அது நீங்கள் முன்பே பதிந்து வைத்த சுருக்கப்பெயராக இருந்தால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அதற்கு நீங்கள் கொடுத்த முழுக் கட்டளையை அங்கே வைத்து, அதன் பிறகே வரியை இயக்குகிறது. நடப்பது வெறும் சொல்மாற்றம். இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் கீழே வரும் பல சிக்கல்களுக்கு விடை தானாகவே விளங்கும்.

இந்த வசதி பழையது. 1970களின் இறுதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லிலேயே ஏலியாஸ் இருந்தது. 1989இல் வெளிவந்த பாஷ், 1990இல் வெளிவந்த இசட் ஷெல் இரண்டும் அதைத் தொடர்ந்தன.

ஏலியாஸ் வரியை எப்படி எழுதுவது? நான் எழுதினால் பிழைதான் வருகிறது.

ஏலியாஸ் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சுருக்கப்பெயரை எழுதி, அதை ஒட்டியே சமக்குறி இட்டு, அதையும் ஒட்டியே ஒற்றை மேற்கோள்குறிகளுக்குள் முழுக் கட்டளையை எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் கிட் ஸ்டேட்டஸ் என்ற கட்டளைக்கு ஜிஎஸ்டி என்ற மூன்றெழுத்துப் பெயரை வைக்கலாம். பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், நம் ஊரில் அந்தப் பெயர் மறக்கவும் மறக்காது.

பிழை வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், சமக்குறியின் இருபுறமும் அழகுக்காக விடப்படும் இடைவெளி. இடைவெளி விட்டால் பெயர், சமக்குறி, கட்டளை மூன்றையும் மூன்று தனிச் சொற்களாக ஷெல் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயர்களில் ஏலியாஸ் எதுவும் இல்லை என்று சொல்லிவிடும்.

டெர்மினலை மூடித் திறந்தால் ஏலியாஸ் காணாமல் போய்விடுகிறதே?

ஏலியாஸ் அந்த ஷெல்லின் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. ஷெல் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால், ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். பாஷுக்கு அது உங்கள் இல்லக் கோப்புறையில் உள்ள டாட் பாஷ்ஆர்சி, இசட் ஷெல்லுக்கு டாட் இசட்எஸ்எச்ஆர்சி. மேக் கணினிகளில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து புதிய பயனர்களுக்கு இசட் ஷெல்லே இயல்பானது என்பதால், மேக் வைத்திருப்பவர்கள் இரண்டாவது கோப்பையே நாட வேண்டும். உபுண்டுவில் இன்னொரு வசதியும் உண்டு: டாட் பாஷ் அண்டர்ஸ்கோர் ஏலியாசஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால், டாட் பாஷ்ஆர்சி அதைத் தானே படித்துக்கொள்ளும். சுருக்கங்களை அந்தத் தனிக் கோப்பில் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். எழுதிச் சேமித்த பின் சோர்ஸ் கட்டளையோடு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், டெர்மினலை மூடாமலே அவை நடைமுறைக்கு வரும்.

தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வரும்போது மட்டும் ஏலியாஸ்கள் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அப்போது பாஷ் லாகின் ஷெல்லாகத் தொடங்குகிறது. அது டாட் பாஷ் அண்டர்ஸ்கோர் புரொஃபைல், டாட் பாஷ் அண்டர்ஸ்கோர் லாகின், டாட் புரொஃபைல் ஆகிய மூன்றில் முதலில் கண்ணில் படும் ஒன்றை மட்டுமே படிக்கும். உபுண்டு தரும் டாட் புரொஃபைல் கோப்பு டாட் பாஷ்ஆர்சியை அழைத்துக்கொள்கிறது. ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவல் குறிப்பைப் பின்பற்றி, புதிதாக டாட் பாஷ் அண்டர்ஸ்கோர் புரொஃபைல் கோப்பை உருவாக்கியிருந்தால், அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். புதிய கோப்பிலும் டாட் பாஷ்ஆர்சியை அழைக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

எதற்கெல்லாம் சுருக்கம் வைக்கலாம்? இணையத்தில் கிடைத்த நூறு ஏலியாஸ்களை அப்படியே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அவற்றை நீக்கிவிட்டு, உங்கள் சொந்த வழக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பிறருடைய சுருக்கங்களை நினைவில் வைப்பதும் ஒரு பாரம்தான். நீங்கள் எதை அதிகம் தட்டுகிறீர்கள் என்பதை, தட்டிய கட்டளைகளின் பதிவான ஹிஸ்டரியே சொல்லும்: ஹிஸ்டரி கட்டளையின் வெளியீட்டை ஆக் கட்டளைக்குக் குழாய்க்குறி வழியாக அனுப்பி இரண்டாவது சொல்லை மட்டும் பிரித்தெடுத்து, சார்ட் கொண்டு வரிசைப்படுத்தி, யூனிக் ஹைஃபன் சி கொண்டு எண்ணி, மறுபடியும் சார்ட் ஹைஃபன் ஆர்என் கொண்டு இறங்குவரிசையில் அடுக்கினால் பட்டியல் கிடைத்துவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: பாஷ் இயல்பாக 500 வரிகளையே நினைவில் வைக்கும், உபுண்டு அதை 1000 ஆக்கியிருக்கிறது. ஹிஸ்ட்சைஸ் என்ற வேரியபிளில் (மதிப்பைத் தாங்கும் பெயரில்) இந்த எண்ணை உயர்த்தி, இரண்டு மூன்று வாரம் வேலை செய்துவிட்டு எண்ணிப் பார்த்தால் படம் தெளிவாக இருக்கும்.

நீளமான கட்டளை எல்லாவற்றுக்கும் ஏலியாஸ் தேவைப்படுவதில்லை. மாதம் ஒருமுறை வருவதை கன்ட்ரோல் ஆர் அழுத்தி ஹிஸ்டரியில் தேடி எடுப்பதே போதும். நாள்தோறும் வருவதும், விருப்பக்குறிகளின் (ஹைஃபனோடு சேர்க்கும் எழுத்துகளின்) வரிசை நினைவில் நிற்காததுமான கட்டளைகளுக்கே சுருக்கம் பொருந்தும். எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை அளவுவாரியாகக் காட்டும் டியூ, சார்ட் இணைந்த வரி எனக்கு அப்படிப்பட்ட ஒன்று.

நான் வைக்கும் பெயர் வேறு கட்டளையோடு மோதினால் என்ன ஆகும்?

ஏலியாஸே வெல்லும், அசல் கட்டளை மறைந்து நிற்கும். கிட் ஸ்டேட்டஸுக்கு ஜிஎஸ் என்று இரண்டெழுத்தில் வைத்தால், பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்டின் கட்டளைப்பெயரும் அதுவே என்பதால், பின்னொரு நாள் அதை அழைக்கும்போது குழப்பம் வரும். மேலே மூன்றெழுத்தாகச் சொன்னதற்கு இதுவே காரணம். எந்தப் பெயரையும் வைப்பதற்கு முன்னால் டைப் ஹைஃபன் ஏ என்று தட்டி அந்தப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அது ஏலியாஸா, ஃபங்ஷனா (பெயரிட்ட கட்டளைத் தொகுதியா), ஷெல்லுக்குள் உள்ள கட்டளையா, வட்டில் உள்ள கோப்பா என்று எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும்.

மறைந்து நிற்கும் அசலை ஒரே ஒருமுறை அழைக்க வேண்டுமானால், சொல்லுக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு ஒன்றை இடுங்கள். ஏலியாஸை அடியோடு நீக்க அன்ஏலியாஸ் என்ற கட்டளை இருக்கிறது.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

உபுண்டுவின் பாஷில் தாராளமாக வைக்கலாம். ஏலியாஸ் பெயரில் சாய்வுக்கோடு, டாலர்குறி, சமக்குறி, மேற்கோள்குறிகள், இடைவெளி போன்றவைதான் விலக்கப்பட்டவை. தமிழ் எழுத்துகளுக்குத் தடையில்லை. ‘பட்டியல்’ என்று தட்டினால் கோப்புகளின் விரிவான பட்டியல் வருவதைக் கண்ட பள்ளி மாணவர்களின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை முயன்று பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வேரியபிள் பெயர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பாஷில் அவை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைய வேண்டும்.

இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, ‘தொகுப்பு’ என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஷெல்லுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் எழுதிய ஏலியாஸ் இன்னொன்றில் தட்டும்போது கிடைக்கவில்லையென்றால் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இல்லாத சொற்களைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை. மற்றொன்று, வரைகலைத் திரை இல்லாத வெறும் லினக்ஸ் கன்சோலில் 512 வடிவங்களுக்கு மேல் எழுத்துருவில் இடமில்லை என்பதால், தமிழ் அங்கே தெரியாது. சர்வர் அறையில் அந்தத் திரையின் முன் நிற்க நேர்பவர்கள் ஆங்கிலப் பெயரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

கட்டளையின் நடுவில் கோப்பின் பெயர் வர வேண்டும். ஏலியாஸ் அதைக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஏலியாஸ் வெறும் சொல்மாற்றம் என்று தொடக்கத்தில் சொன்னதன் விளைவு இது. அதற்கு உள்ளீடு என்ற கருத்தே கிடையாது. முதல் சொல் மாறுகிறது, அதன் பின்னால் நீங்கள் தட்டியவை அப்படியே பின்னால் நிற்கின்றன. உள்ளீடு நடுவில் வர வேண்டுமானாலும், இரண்டு இடங்களில் வர வேண்டுமானாலும் ஃபங்ஷன் எழுத வேண்டும். ஏறத்தாழ எல்லா வேலைகளுக்கும் ஏலியாஸைவிட ஃபங்ஷனே ஏற்றது என்று பாஷின் கையேடும் சொல்கிறது.

எல்லோருக்கும் பயன்படும் எடுத்துக்காட்டு, புதிய கோப்புறையை உருவாக்கி உடனே அதற்குள் நுழைவது. ஃபங்ஷனின் பெயரையும் வெற்று வளைவு அடைப்புக்குறிகளையும் எழுதி, நெளிவு அடைப்புக்குறிகளுக்குள், எம்கேடிர் ஹைஃபன் பி கட்டளைக்கு டாலர் 1ஐக் கொடுத்து, இரண்டு ஆம்பர்சண்ட் குறிகளை இட்டு, கோப்புறைக்குள் நுழையும் சிடி கட்டளைக்கும் அதே டாலர் 1ஐக் கொடுக்க வேண்டும். டாலர் 1 என்பது நீங்கள் தட்டும் முதல் உள்ளீடு. இரண்டு இடங்களிலும் அதை இரட்டை மேற்கோள்குறிகளுக்குள் வைக்கத் தவறாதீர்கள். இல்லாவிட்டால் பெயரில் இடைவெளி உள்ள கோப்புறை துண்டு துண்டாகிவிடும். ஆம்பர்சண்ட் குறிகள் இருப்பதால், உருவாக்கம் தோற்றால் நுழைவும் நடக்காது.

எல்எஸ் என்ற பெயரில் ஏலியாஸ் வைத்து அதற்குள் எல்எஸ்ஸையே அழைக்கலாம்; ஷெல் அதை மீண்டும் விரிப்பதில்லை. ஃபங்ஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது தன்னையே முடிவின்றி அழைத்துக்கொள்ளும். உள்ளே கமாண்ட் என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் அசல் கட்டளை அழைக்கப்படும்.

அடிக்கடி போகும் கோப்புறைக்கும் ஏலியாஸ் போதுமா?

போவதற்கு மட்டும் என்றால் போதும். ஆனால் ஒரு கோப்புறைக்கு நாம் போவது மட்டுமில்லை; அங்கே கோப்பை நகலெடுக்கிறோம், அங்கிருந்து எடுக்கிறோம், அதற்குள் தேடுகிறோம். சிடியோடு சேர்த்து எழுதிய ஏலியாஸ் இவற்றுக்கு உதவாது. ஆகவே இடத்துக்குப் பெயர் வைப்பதும் செயலுக்குப் பெயர் வைப்பதும் வேறு வேறு என்று நான் வலியுறுத்துவது வழக்கம். பாதையை ஒரு வேரியபிளில் வைத்தால், சிடி, சிபி, கிரெப் என எந்தக் கட்டளையோடும் டாலர்குறியுடன் அதைப் பயன்படுத்தலாம். டாட் பாஷ்ஆர்சியில் ஒரே ஒரு வரிதான் தேவை.

இசட் ஷெல் இதை இன்னும் அழகாகச் செய்திருக்கிறது. ஹாஷ் ஹைஃபன் டி என்று தட்டி, பெயரையும் பாதையையும் சமக்குறியால் இணைத்துக் கொடுத்தால், அதன் பின் ~ குறியை அடுத்து அந்தப் பெயரை எழுதினால் போதும். டேப் விசையால் உட்கோப்புறைகளையும் நிரப்பிக்கொள்ளலாம்.

வேலைகள் எல்லாம் ஒரே தாய்க் கோப்புறையின் கீழ் இருந்தால் சிடிபாத் என்ற வேரியபிள் மிகவும் உதவும். அதில் முதலில் ஒரு புள்ளி, அடுத்து முக்காற்புள்ளி, அடுத்துத் தாய்க் கோப்புறையின் பாதை என்று எழுதிவிட்டால், நீங்கள் எங்கே நின்றாலும் சிடி என்று தட்டி உட்கோப்புறையின் பெயரை மட்டும் கொடுத்து அங்கே போய்விடலாம். புள்ளி என்பது இப்போது நிற்கும் இடம். அது முதலில் இருந்தால்தான் அருகில் உள்ள கோப்புறைக்கு முன்னுரிமை கிடைக்கும்.

சிடிபாத் வைத்த பிறகு நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) கெட்டுவிட்டது. தொடர்பு உண்டா?

உண்டு. நீங்கள் எக்ஸ்போர்ட் என்ற சொல்லைச் சேர்த்து அதை எழுதியிருப்பீர்கள். சிடிபாத் வழியாக ஓர் இடத்தைக் கண்டடையும்போது சிடி கட்டளை அந்த முழுப் பாதையை அச்சிடும். தான் இருக்கும் இடத்தை அறிவதற்காக, சிடியையும், நிற்கும் இடத்தைக் காட்டும் பிடபிள்யூடியையும் சேர்த்து இயக்கி வெளியீட்டைப் பிடித்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்கள் பல. அவற்றுக்கு ஒரு பாதைக்குப் பதிலாக இரண்டு வரிகள் போய்ச் சேரும். எக்ஸ்போர்ட் என்பதை எடுத்துவிடுங்கள். அப்போது அந்த மதிப்பு உங்கள் ஷெல்லோடு நின்றுவிடும்.

சிடி கட்டளையை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினால், முடிந்ததும் பழைய இடத்திலேயே நிற்கிறேன்.

ஸ்கிரிப்ட் ஒரு புதிய ஷெல்லில் ஓடுகிறது. அந்தச் சேய் ஷெல் இடம் மாறியது உண்மை. வேலை முடிந்ததும் அது மறைந்துவிட்டது, உங்கள் ஷெல் நகரவே இல்லை. ஃபங்ஷன் உங்கள் ஷெல்லுக்குள்ளேயே இயங்குவதால், மேலே சொன்ன கோப்புறை உருவாக்கும் ஃபங்ஷனில் இந்தச் சிக்கல் எழவில்லை.

இரண்டு கோப்புறைகளுக்கு நடுவே நாள் முழுக்க மாறி மாறிப் போக வேண்டியிருக்கிறது.

சிடி என்று தட்டி இடைவெளி விட்டு ஒரு ஹைஃபன் இட்டால் முன்பு இருந்த இடத்துக்குப் போவீர்கள். மறுபடி தட்டினால் திரும்புவீர்கள். மூன்று நான்கு இடங்கள் என்றால் இடங்களை அடுக்கி வைக்கும் புஷ்டி, அடுக்கிலிருந்து எடுத்துத் திரும்பும் பாப்டி என்ற இணையைப் பழகிக்கொள்ளுங்கள். இடங்கள் அதற்கும் மேல் பெருகினால், நீங்கள் போகும் கோப்புறைகளைத் தானே கவனித்து வைத்துக்கொண்டு, பெயரின் ஒரு பகுதியைத் தட்டினாலே அழைத்துச் செல்லும் ஜோக்ஸைட் போன்ற கருவியை நிறுவிக்கொள்ளலாம்.

சூடோ சேர்த்தால் என் ஏலியாஸைத் தெரியாது என்கிறது. ஸ்கிரிப்டிலும் அதே கதை.

முதல் சொல்லையே ஷெல் பார்க்கிறது என்பதை நினைவுகூருங்கள். இங்கே முதல் சொல், கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கும் சூடோ. உங்கள் சுருக்கம் இரண்டாவது. ஓர் ஏலியாஸின் மதிப்பு இடைவெளியில் முடிந்தால் அடுத்த சொல்லையும் ஷெல் சோதிக்கும் என்று ஒரு விதி உண்டு. எனவே சூடோ என்ற பெயருக்கே, சூடோவும் அதன் பின் ஓர் இடைவெளியும் கொண்ட ஏலியாஸை வைத்தால் வேலை நடக்கும். ஃபங்ஷனுக்கு இந்த வழி உதவாது. சூடோ வட்டில் உள்ள புரோகிராம்களை மட்டுமே அறியும்.

ஸ்கிரிப்ட்களில் ஏலியாஸ்கள் விரிவதில்லை என்பது குறையில்லை, நன்மை. ஸ்கிரிப்டை நாளை வேறொருவர் வேறொரு கணினியில் படிப்பார். அங்கே எப்போதும் முழுக் கட்டளையையே எழுத வேண்டும்.

இன்றைய தேதியில் காப்புக் கோப்பு உருவாக்கும் ஏலியாஸ், நேற்றைய தேதியையே வைக்கிறதே?

இரட்டை மேற்கோள்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அதனால் டாலர்குறியோடு வரும் பகுதி, ஏலியாஸைப் பதியும் கணத்திலேயே, அதாவது நீங்கள் அந்த டெர்மினலைத் திறந்த நேரத்திலேயே, விரிந்து உறைந்துவிட்டது. ஒற்றை மேற்கோள்குறிக்கு மாற்றினால் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக விரியும்.

ஆர்எம் தட்டினால் கேட்டுவிட்டு அழிக்கும்படி ஏலியாஸ் வைத்திருக்கிறேன். பாதுகாப்புதானே?

இல்லை என்றே சொல்வேன். ஆர்எம் என்ற பெயருக்கே ஆர்எம் ஹைஃபன் ஐ என்று வைப்பது பரவலான வழக்கம். ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கு அது ஆயத்தமாகவே வருவதும் உண்டு. ஆனால் அது கையைத் தவறாகப் பழக்குகிறது. நானும் அப்படி வைத்திருந்தேன். எப்படியும் கேட்கும், அப்போது வேண்டாதவற்றுக்கு மறுப்புச் சொல்லலாம் என்ற நம்பிக்கையில், நட்சத்திரக்குறியைத் தாராளமாகப் பயன்படுத்தப் பழகியிருந்தேன். ஒரு நாள் அந்த ஏலியாஸ் இல்லாத வேறொரு கணினியில் அதே பழக்கத்தோடு தட்டினேன். கேள்வி எதுவும் வரவில்லை; ஒரு வாரத்து அளவீட்டுக் கோப்புகள் போய்விட்டன. காப்புப்படியும் இல்லை. அவற்றை மறுபடி திரட்ட உடன் பணிபுரிந்தவர்களும் என்னோடு உழைக்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மேலும், பழக்கத்தில் ஹைஃபன் ஆர்எஃப் என்று நீங்கள் சேர்த்துவிட்டால், பின்னால் வரும் எஃப் முன்னால் உள்ள ஐயை முறியடித்துவிடும். கேட்கும் என்று நம்பிய இடத்திலும் கேட்காது. அழிக்கும் கட்டளையின் பெயரைத் தொடாமல், குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் ஜிஐஓ டிராஷ் கட்டளைக்குப் புதிய பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் இல்லாத கணினியில் அதைத் தட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்ற செய்தி மட்டுமே வரும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். வட்டை அழிப்பது, தரவுத்தளத்தை நீக்குவது போன்றவற்றுக்குச் சுருக்கமே வேண்டாம். அவற்றைத் தட்ட எடுக்கும் நேரம் யோசிப்பதற்கான நேரம்.

சர்வருக்குள் நுழையும் நீண்ட வரிக்கு, கடவுச்சொல்லையும் சேர்த்து ஏலியாஸ் எழுதலாமா?

கடவுச்சொல்லை எந்த ஏலியாஸிலும் எழுதாதீர்கள். கோப்பைப் படிக்க முடிந்த எவரும் அதை அறிவார்கள். கட்டளை வரியில் வரும் சொற்கள், அதே கணினியில் உள்ள பிற பயனர்களுக்கும் பிஎஸ் கட்டளையில் தெரியக்கூடும். எஸ்எஸ்எச்சுக்கு ஏலியாஸே தேவையில்லை. இல்லக் கோப்புறையில் டாட் எஸ்எஸ்எச் என்ற கோப்புறைக்குள் கான்ஃபிக் என்ற கோப்பில், ஹோஸ்ட் என்ற வரியில் சுருக்கப்பெயரையும், அதன் கீழே உண்மையான முகவரி, பயனர்பெயர், போர்ட் எண் ஆகியவற்றையும் எழுதிவிடலாம். அந்தப் பெயரை எஸ்சிபி, ஆர்சிங்க், கிட் ஆகியவையும் புரிந்துகொள்ளும். ஏலியாஸில் இது கிடைக்காது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் ஹைஃபன் கீஜென் கொண்டு சாவி இணையை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் இதெல்லாம் உண்டா?

உண்டு. செட் ஹைஃபன் ஏலியாஸ் என்ற கட்டளை அங்கே ஒரு பெயருக்கு இன்னொரு பெயரை மட்டுமே தரும். விருப்பக்குறிகளை அதனோடு சேர்க்க முடியாது. விருப்பக்குறிகள் வேண்டுமானால் ஃபங்ஷன்தான். அவற்றை எழுதி வைக்கும் கோப்பின் பாதை டாலர் புரொஃபைல் என்ற வேரியபிளில் இருக்கிறது.

அலுவலகம், வீடு, சர்வர் என மூன்று இடத்திலும் ஒரே சுருக்கங்கள் வேண்டும்.

முன்பு சொன்ன தனிக் கோப்பு இங்கேதான் கைகொடுக்கும். அதை ஒரு கிட் களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொரு கணினியிலும் இறக்கி, இல்லக் கோப்புறையிலிருந்து எல்என் ஹைஃபன் எஸ் கொண்டு அதற்குக் குறியீட்டு இணைப்பு கொடுத்துவிடுங்கள். ஓரிடத்தில் திருத்திக் களஞ்சியத்தில் ஏற்றினால் மற்ற இடங்களில் இழுத்துக்கொண்டால் போதும். அந்தந்தக் கணினிக்கே உரிய பாதைகளை இன்னொரு கோப்பில் பிரித்து வையுங்கள். பொதுக் கோப்பின் கடைசி வரியில், அந்தக் கோப்பு இருந்தால் மட்டும் படிக்கும்படி ஒரு நிபந்தனை எழுதலாம். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சர்வர் கணக்கில் மட்டும் இவற்றை வைக்காதீர்கள். உங்களுக்குப் பழகிய சுருக்கம், அதே கணக்கில் அடுத்து நுழைபவருக்குப் புரியாத மாற்றமாக நிற்கும்.